பில் நம்பரும் தையல் துண்டும்: தன்னால நிமிருற மரத்தையும் ஹீப்பையும் கையால போட்டுப் பழகுவம்

அக்காட மகன் கம்பஸ்ல முதலாம் வருசம். மார்ச் கடைசியில ஒரு வெள்ளிக்கிழமை வந்தாறுமூலையில இருந்து பஸ்ஸேறி ஆரையம்பதியில நம்மட வீட்டுக்கு வந்தான், பேக்க கழட்டி வெக்க முந்தியே "மாமா, இந்த மரத்த சுழட்டுற கதை ஒண்டும் விளங்கல்ல, திங்கக்கிழமை டெஸ்ட்" எண்டான். கொம்பியூட்டர்ல நம்பர தாய் பிள்ளையாத் தொங்கவிட்டு அடுக்கி வெக்கிற முறைக்குத்தான் மரம் எண்டு பேர், அது ஒரு பக்கமாச் சாயக்குள்ள சுழட்டி நிமித்துறது ரொட்டேஷன், அதத்தான் சொல்லுறான். நாலு ரொட்டேஷன்ட பேரையும் பாடமாக்கி வெச்சிருக்கான், எப்ப எதப் போடுற எண்டு கேட்டா முழிக்கான். அண்டைக்கு ராவு கலண்டர் தாள்ர பின்பக்கத்துல அவனுக்கு கீறிக் காட்டினதத்தான் இஞ்ச எழுதுறன். கொம்பியூட்டர் வேணா, பென்சிலும் அழிரப்பரும் காணும், ஆனா நான் நம்பர் போடுற இடத்துல எல்லாம் நீங்களும் தாள்ல போட்டுக்கிட்டே வரணும், சும்மா வாசிச்சிட்டுப் போனா அவனப்போலத்தான் முழிப்பீங்க.

முதல்ல சொல் வழக்கு. புத்தகத்துல பேரன்ட் எண்டு வாறத நான் தாய் எண்டுதான் சொல்லுவன், கீழ தொங்குறது பிள்ளை. நம்மட பக்கத்துல குடி தாய் வழியாத்தானே வாற, அதால எனக்கு வாய்க்கு அப்பிடித்தான் வருது, பின்னால மாமன் எண்டு ஒராள் வருவார், அவருக்கும் இது தோதாப் போகும். நம்பர் எழுதின ஒவ்வொரு வட்டமும் ஒரு நோட், உச்சியில நிக்கிறது ரூட், பிள்ளையே இல்லாதது இலை. வேர் மேலயும் இலை கீழயும் எண்டு மரத்த தலைகீழாக் கீறுறதுக்கு என்னத் திட்டாதீங்க.

சும்மா விட்டா மரம் பனையாகிரும்

பைனரி சேர்ச் ட்ரீக்கு சட்டம் ஒண்டே ஒண்டு. எந்த நோட்ட எடுத்தாலும் அதுட இடப்பக்கம் முழுக்க அத விடச் சின்னன், வலப்பக்கம் முழுக்க அத விடப் பெரிசு. முழுக்க எண்டுற சொல்லக் கவனிங்க, பிள்ளைய மட்டும் பார்த்தாக் காணாது, பேரன் பூட்டன் எல்லாரும் அந்தப் பக்கத்துக்கு அடங்கணும். தேடக்குள்ள ரூட்டுல நிண்டு சின்னனா பெரிசா எண்டு கேட்டுக்கேட்டு இறங்குற, புதுசா ஒண்டு போடுறதும் அதே வழிதான், இறங்கிப் போய் வெறும் இடம் வந்ததும் அதுல தொங்கவிடுற.

இது நல்ல ஏற்பாடுதான், ஆனா எனக்கு ஒருக்கா கால வாரி விட்டிச்சி. படிச்சி முடிச்ச புதுசுல களுவாஞ்சிகுடியில ஒரு ஹாட்வெயார் கடைக்கு பில் புரோகிராம் எழுதிக் குடுத்தன். பில் நம்பரக் குடுத்தா பழைய பில் வரணும், அவ்வளவுதான் வேல. படிச்சத எங்கயாவது பாவிக்கணும் எண்டுற ஆசையில பைதன் மொழியில நானே ஒரு சேர்ச் ட்ரீய எழுதி, அதுவும் ரிகர்ஷன்ல, அதாவது ஒரு ஃபங்ஷன் தன்னையே திரும்பக் கூப்பிடுற மாதிரி எழுதி, வெச்சிட்டு வந்திட்டன். கொஞ்ச நாள் நல்லாத்தான் ஓடிச்சி, மறுகா பில் ஆயிரத்துக்குக் கிட்ட வந்த நேரம், கடை நிறைய சனம் நிக்கக்குள்ள, சிவப்புச் சிவப்பா எழுத்து வந்து விழுந்திச்சி. ஏன் எண்டா பில் நம்பர் 1, 2, 3, 4 எண்டு வரிசையாத்தானே வரும், ஒவ்வொண்டும் முந்தினத விடப் பெரிசு, அப்ப ஒவ்வொண்டும் வலப்பக்கமே போய்த் தொங்கும். கொப்பே இல்லாத பனமரம். ஆயிரமாவது பில்லப் போட ஆயிரம் தட்டு இறங்கணும், பைதனோ ஃபங்ஷனுக்குள்ள ஃபங்ஷனாக் கூப்பிடுற ஆழத்த வழமையா 1000ல நிப்பாட்டிரும். பிழை முழுக்க என்டதான். அந்த மனிசன் மூண்டு நாள் கையால பில் எழுதினார், எனக்கு ஒரு வார்த்தை ஏசல்ல, அதுதான் இன்னும் குத்துது.

கணக்கப் பாருங்க. மரம் நல்லா விரிஞ்சி நிண்டா ஒவ்வொரு தட்டுலயும் மேல உள்ளதப் போல ரெண்டு மடங்கு நோட் பிடிக்கும், 20 தட்டுல 1,048,575 நோட். அதாவது பத்து லட்சம் பில்லுக்குள்ள ஒண்டத் தேட ஆகக்கூட 20 கேள்வி. அதே பத்து லட்சம் பனையா நிண்டா பத்து லட்சம் கேள்வி. பரீட்சையில தாற நம்பர் எல்லாம் கலந்து கட்டித்தான் வரும், அதால இந்த வருத்தம் தெரிய வராது, ஆனா நிசத்துல வாற பில் நம்பர், திகதி, சுட்டெண் எல்லாம் வரிசையாத்தான் வருது. அதுக்காகத்தான் விழ விழத் தன்னால நிமிருற மரம் வேணும்.

நடு ஆளப் பிடிச்சித் தூக்கு

1962ல சோவியத் நாட்டுல அடெல்சன் வெல்ஸ்கி, லாண்டிஸ் எண்டு ரெண்டு கணித ஆக்கள் இதுக்கு முதல் வழி சொன்னாங்க, அவங்கட பேர்ர முதல் எழுத்தச் சேர்த்துத்தான் ஏவிஎல் மரம். அவங்கட நிபந்தனை: எந்த நோட்டுலயும் இடப்பக்க உயரத்துக்கும் வலப்பக்க உயரத்துக்கும் வித்தியாசம் ஒண்டுக்கு மேல போகப்படா. வெறும் இடத்துக்கு உயரம் 0, இலைக்கு 1, மத்ததுக்கு ரெண்டு பிள்ளையில உயரமானதோட 1 கூட்டுற. தாள்ல ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்துலயும் உயரத்தச் சின்னனா எழுதிக்கிட்டு வாங்க, மருமகன் இத எழுதாம மனசுல வெச்சித்தான் ஒவ்வொரு முறையும் பிழை விட்டான்.

இப்ப என்ன விழுத்தின அதே பில் நம்பரப் போடுவம். 1 போடு, 2 போடு, வலப்பக்கம் தொங்குது, பிரச்சினை இல்ல. 3 போட்டா 1ல நிண்டு பார்க்கக்குள்ள இடப்பக்கம் 0, வலப்பக்கம் 2. வித்தியாசம் ரெண்டு, சட்டம் உடைஞ்சிட்டு. ஒண்டு ரெண்டு மூண்டும் கம்பு மாதிரி நேரா நிக்குது. ஈரச் சாரத்த ரெண்டாக் கொடியில போடுறதுக்கு நடுவுல பிடிச்சித் தூக்குவமே, தூக்கினா ரெண்டு தலைப்பும் தன்னால கீழ விழும், அதேதான் செய்யிற, 2அப் பிடிச்சித் தூக்கு, 1 இடப்பக்கம் விழும், 3 வலப்பக்கம் நிக்கும். இதுக்குத்தான் லெஃப்ட் ரொட்டேஷன் எண்டு பேர், பேர மறந்தாலும் சாரத்த மறக்காதீங்க.

4 போடு, 3க்கு வலப்பக்கம், ஒண்டும் உடையல்ல. 5 போட்டா 3, 4, 5 கம்பாகிட்டு, 4அத் தூக்கு. இப்ப ரூட் 2, இடப்பக்கம் 1, வலப்பக்கம் 4, அதுக்குக் கீழ 3உம் 5உம்.

6லதான் முக்கியமான விசயம் இருக்கு, மெல்லப் போவம். 6 போய் 5க்கு வலப்பக்கம் தொங்கும். கீழ இருந்து மேல உயரத்தப் பார்த்துக்கிட்டு வாங்க: 5 சரி, 4ல இடம் 1 வலம் 2, சரி, 2ல இடம் 1 வலம் 3, உடைஞ்சிட்டு. வலப்பக்கப் பிள்ளை 4அத் தூக்கணும், தூக்கினா 2 அதுக்கு இடப்பக்கப் பிள்ளையா விழணும், ஆனா 4க்கு இடப்பக்கம் ஏற்கனவே 3 இருக்கே, அத எங்க வெக்கிற? மருமகன் இந்த இடத்துலதான் பென்சிலக் கீழ வெச்சான். யோசிச்சிப் பாருங்க, 3 எண்டுறது 2அ விடப் பெரிசு, 4அ விடச் சின்னன். 2 கீழ இறங்கினதால அதுட வலப்பக்கம் இப்ப வெறுமையாக் கிடக்கு, 2க்கு வலப்பக்கம் எண்டா 2அ விடப் பெரிசு, 4க்கு இடப்பக்கம் அடங்கினதால 4அ விடச் சின்னன், அளவெடுத்துத் தச்ச மாதிரி 3க்கு அதுதான் இடம். 3 தாய் மாறிப் போகுது, வேற ஒண்டும் மாறல்ல. ரூட் 4, இடப்பக்கம் 2 அதுக்குக் கீழ 1உம் 3உம், வலப்பக்கம் 5 அதுக்குக் கீழ 6. மறுகா 7 போட்டா 5, 6, 7 கம்பு, 6அத் தூக்கு, மூண்டு தட்டுல ஏழு நோட்டும் ஒரு குறையும் இல்லாம நிறைஞ்சி நிக்கும். வரிசையா வந்த நம்பர், எண்டாலும் பனையாகல்ல.

கோட் எழுதக்குள்ள இதுதான் முழு ரொட்டேஷனும்: கீழ இறங்குறது ஏ, மேல ஏறுற வலப்பக்கப் பிள்ளை பி எண்டு வெச்சா, பிட இடப்பக்கத்த ஏட வலப்பக்கத்துல மாட்டு, ஏய பிட இடப்பக்கத்துல மாட்டு, உயரத்தத் திருத்து, பியத் திருப்பிக் குடு. ரெண்டு இடத்துல சறுக்கும். உயரத்தத் திருத்தக்குள்ள முதல்ல ஏ, பிறகுதான் பி, ஏ இப்ப கீழ நிக்கிறபடியா அதுட உயரம் சரியானாத்தான் பிட உயரம் சரியாகும். மத்தது, திரும்பி வாற பியப் பழைய தாய்ல மாட்ட மறக்கிறது, மறந்தா பாதி மரம் காணாமப் போயிரும், எரர் ஒண்டும் வராது, மரம் மட்டும் சின்னனாகிக்கிட்டே வரும். நான் இத ஒரு பின்னேரம் முழுக்கத் தேடி இருக்கன்.

முழங்கை மடிஞ்சா

எல்லா நேரமும் கம்பு மாதிரி நிக்காது. வேற தாள் எடுங்க, 21, 25, 23 எண்டு போடுங்க. 21க்கு வலப்பக்கம் 25, 25க்கு இடப்பக்கம் 23. முழங்கை மடிஞ்ச மாதிரி நிக்குது. இதுல 25அத் தூக்கிப் பாருங்க, 21 கீழ வரும், 23 போய் 21க்கு வலப்பக்கம் விழும், உயரம் அதே மூண்டு, முழங்கை மத்தப் பக்கம் மடிஞ்சிருக்கு, அவ்வளவுதான் மிச்சம். ஒண்டும் நடக்கல்ல.

அதால முதல்ல முழங்கைய நிமித்தணும். 25அக் கீழ இறக்கி 23அ மேல ஏத்துங்க, இப்ப 21, 23, 25 எண்டு நேரான கம்பு, மறுகா 23அப் பிடிச்சித் தூக்குங்க. ரெண்டு சுழட்டு. கடைசியில மூண்டு நம்பர்ல நடு நம்பர்தான் மேல வருது, கம்பா இருந்தாலும் முழங்கையா இருந்தாலும் அப்பிடித்தான், அதால விடை சரியா எண்டு பார்க்கவும் இது ஒரு குறுக்கு வழி.

நாலு பேரையும் பாடமாக்க வேணா எண்டு நான் சொல்லுறது இதுக்குத்தான். புது நோட்டுல இருந்து மேல ஏறிக்கிட்டு வந்து முதல் முதல் உடைஞ்ச நோட்டுல நில்லுங்க, பாரமான பக்கமா ரெண்டு அடி கீழ இறங்குங்க, ரெண்டு அடியும் ஒரே பக்கம் எண்டா ஒரு சுழட்டு, பக்கம் மாறினா நிமித்திட்டுச் சுழட்டு. புதுசாப் போடக்குள்ள இத ஒரு இடத்துல செய்தாக் காணும், ஏனெண்டா சுழட்டி முடிய அந்தக் கிளைட உயரம் போடுறதுக்கு முந்தி இருந்த உயரத்துக்கே வந்திரும், மேல உள்ள ஆக்களுக்கு இப்பிடி ஒண்டு நடந்ததே தெரியா.

அழிக்கிறது கொஞ்சம் வில்லங்கம். ரெண்டு பிள்ளை உள்ள நோட்ட அழிக்கணும் எண்டா அதுட வலப்பக்கத்துக்குள்ள ஆகச் சின்னத எடுத்து அந்த இடத்துல வெச்சிட்டு, அந்தச் சின்னத கீழ போய் அழிக்கிற. மறுகா அங்க இருந்து ரூட் வரைக்கும் ஏறணும், ஒரு இடத்துல திருத்தினா அந்தக் கிளை கட்டையாகி மேல இன்னொரு இடம் உடையலாம், அதால ஒவ்வொரு தட்டுலயும் பார்த்துக்கிட்டுத்தான் போகணும். இன்னொரு பொறி இருக்கு. போடுற கோட்ல கனபேர் "புது நம்பர் பிள்ளைய விடப் பெரிசா சின்னனா" எண்டு பார்த்துத்தான் கம்பா முழங்கையா எண்டு தீர்மானிக்கிற, அழிக்கக்குள்ள புது நம்பர் எண்டு ஒண்டு இல்லையே, பாரமான பக்கப் பிள்ளைட ரெண்டு பக்க உயரத்தையும்தான் பார்க்கணும், அந்த ரெண்டும் சமனா இருந்தா கம்பு எண்டு எடுத்து ஒரே சுழட்டு.

சிவப்பு கறுப்பு, மாமன்ட நிறம்

ஏவிஎல் ஆகலும் கண்டிப்பான டீச்சர் மாதிரி, உயரம் ஆகக்கூட லொக் கணக்குல, அதாவது நல்லா விரிஞ்சி நிண்ட மரத்துட உயரத்தப் போல, 1.44 மடங்குக்குள்ள நிக்கும், பத்து லட்சம் நோட்டுக்கு 28 தட்டத் தாண்டாது. சிவப்பு கறுப்பு மரம் கொஞ்சம் விட்டுப் பிடிக்கும், ரெண்டு மடங்கு வரைக்கும் போகலாம், அதுக்குப் பதிலா சுழட்டு குறைவு, போடக்குள்ள ஆகக்கூட ரெண்டு, அழிக்கக்குள்ள ஆகக்கூட மூண்டு. 1972ல ரூடொல்ஃப் பேயர் இதுட மூலத்தச் சொன்னார், 1978ல கீபாஸும் செஜ்விக்கும் நிறம் பூசிப் பேர் வெச்சாங்க.

சட்டம் இதுதான்: ரூட் கறுப்பு, சிவப்புக்குப் பிள்ளை சிவப்பா இருக்கப்படா, எந்த நோட்டுல இருந்தும் கீழ வெறும் இடத்துக்கு எந்த வழியால போனாலும் எண்ணுற கறுப்பு ஒரே அளவு. அப்ப ஆகக் கட்டையான வழி முழுக்கக் கறுப்பு, ஆக நீண்ட வழி கறுப்பு சிவப்பு கறுப்பு சிவப்பு, ரெண்டுலயும் கறுப்பு ஒரே அளவு எண்டா நீண்டது ரெண்டு மடங்குக்கு மேல போக ஏலாது. மரம் ஏன் பனையாகாது எண்டுறதுக்கு ஆதாரம் இவ்வளவுதான், மத்த எல்லாம் பராமரிப்பு.

புது நோட் சிவப்பாத்தான் போடுற. தாயும் சிவப்பா இருந்தா சண்டை. அப்ப மாமனப் பார்க்கணும், புத்தகத்துல அங்கிள், நம்மட கணக்குல தாயோட பிறந்த மத்த நோட். மாமன் சிவப்பு எண்டா தாயும் மாமனும் கறுப்பாகி, மேல உள்ள அம்மம்மா சிவப்பாகி, சண்டை ரெண்டு தட்டு மேல போகும், அங்க திரும்பப் பார். மாமன் கறுப்பு எண்டா, அல்லது மாமனே இல்ல எண்டா, முன்ன சொன்ன கம்பு முழங்கைக் கணக்கா சுழட்டிட்டு நிறத்த மாத்தினா அதோட முடிஞ்சி. எங்கட வீட்டுலயும் எந்த நல்லது கெட்டதுக்கும் மாமன் என்ன சொல்லுறார் எண்டுதானே பார்க்கிற எண்டு சொன்னன், பொடியன் சிரிச்சிட்டு அதுக்குப் பிறகு இத மறக்கவே இல்ல. அழிக்கிற கேஸ் எல்லாம் இஞ்ச எழுதப் போறல்ல, அது கீறிக் கீறிப் பழகுற சாமான், ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்க.

நீங்க நிசத்துல பாவிக்கிற மரம் கனக்க இந்த ரகம்தான். ஜாவாட ட்ரீமெப் சிவப்பு கறுப்பு, சி பிளஸ் பிளஸ்ட மெப்பும் பெரும்பாலும் அப்பிடித்தான். டேட்டாபேஸ் மட்டும் வேற வழி போகும், அதுல பி ட்ரீ, ஒரு நோட்டுக்குள்ளயே கனக்க நம்பர அடுக்கி வெச்சி மரத்தக் கட்டையாக்குற, ஏனெண்டா டிஸ்க்குக்குப் போய் வாற ஒவ்வொரு தடவையும் நேரம்.

ஹீப்: மேசையில கிடந்த தையல் துண்டு

ராவு ஒம்பது தாண்டிட்டு, மரத்துல பொடியன் களைச்சிட்டான். எங்கட வீட்டுக்காரி முன் அறையில மெசின மிதிச்சிக்கிட்டு இருந்தா, புதுவருசம் வருதெண்டு தையல் குவிஞ்சி கிடக்கு. ஒவ்வொரு துணியிலயும் ஒரு துண்டு குத்தி இருக்கும், அதுல ஏப்ரல் எத்தினையாம் திகதி குடுக்கணும் எண்டு எழுதி இருக்கும். நான் கேட்டன், மாமிக்கு இப்ப என்ன தெரிய வேணும்? "அடுத்தது எதத் தைக்கிற எண்டு தெரிஞ்சாக் காணும்" எண்டு உள்ளுக்கிருந்து அவவே சொன்னா.

அதுதான் ஹீப். எல்லாத்தையும் வரிசையா வெச்சிருக்கிறதுக்கு மரம் ஒவ்வொரு நாளும் பாடுபடுது. ஹீப் அந்தப் பாட்டுக்கே போகாது, ஆகச் சின்னது எது எண்டு மட்டும் கேளு, டக்கெண்டு சொல்லுறன், மத்தத என்னட்டக் கேளாத எண்டுது. சட்டமும் சின்னன்: தாய் எப்பயும் பிள்ளைய விடச் சின்னன் அல்லது சமன். இடம் வலத்துக்கு ஒரு உறவும் இல்ல. இது மின் ஹீப், திருப்பிப் போட்டா மெக்ஸ் ஹீப். மெமரியில ஹீப் எண்டு சொல்லுறாங்களே, அதுக்கும் இதுக்கும் பேர் மட்டும்தான் ஒண்டு, அத நினைச்சிக் குழம்பாதீங்க.

இதுக்கு தாயையும் பிள்ளையையும் தொடுக்கிற பொயின்டர் வேணா, ஒரு அரேயில, அதாவது இட நம்பர் போட்ட பெட்டி வரிசையில, தட்டுத் தட்டா நிரப்பிக்கிட்டுப் போற. 1ல இருந்து எண்ணினா, அஞ்சாவது இடத்துல உள்ளதுக்குப் பிள்ளைகள் 10ஆம் 11ஆம் இடம், அதாவது ரெண்டாப் பெருக்கினா ஒரு பிள்ளை, அதோட ஒண்டு கூட்டினா மத்தப் பிள்ளை, தாயக் கண்டுபிடிக்க ரெண்டால பிரிச்சி மிச்சத்த எறிஞ்சிடுற. 0ல இருந்து எண்ணுறவங்க கணக்கக் கொஞ்சம் தள்ளிப் போடணும், அதுல ஒண்டு பிழைச்சி அரை நாள் போன ஆக்கள் கனபேர்.

துண்டுகள எடுத்து மேசையில வெச்சம். 7 வந்திச்சி, முதலாம் இடம். 4 வந்து ரெண்டாம் இடம், தாய் 7அ விடச் சின்னன், இடம் மாத்து. 9 மூண்டாம் இடம், சரி. 5 நாலாம் இடம், தாய் ரெண்டாம் இடத்துல உள்ள 7, மாத்து, அதுக்கு மேல 4, நில். 12 அஞ்சாம் இடம், சரி. 8 ஆறாம் இடம், தாய் 9, மாத்து. இப்ப மேசையில 4, 5, 8, 7, 12, 9. அந்த நேரம் பாத்து கேற்றடியில ஒரு பொம்பிளை, நாளைக்குப் பிள்ளைக்கு நிகழ்ச்சி, எப்பிடியாவது தச்சித் தாங்க எண்டு. திகதி 1. கடைசி இடம் ஏழாம் இடத்துல வெச்சம், தாய் மூண்டாம் இடத்து 8, மாத்து, அடுத்த தாய் முதலாம் இடத்து 4, மாத்து. 1, 5, 4, 7, 12, 9, 8. ரெண்டே ரெண்டு மாத்துல உச்சிக்குப் போயிட்டு, மத்த நாலு துண்டையும் ஒராளும் தொடல்ல. துண்டுல திகதிய எழுதுறது எவ்வளவு கெட்டித்தனம் எண்டும் பாருங்க, "இன்னும் இத்தினை நாள்" எண்டு எழுதினா விடிஞ்சா எல்லாத்தையும் அழிச்சி எழுதணும்.

எடுக்கக்குள்ள உச்சியில உள்ள 1அ எடுத்துட்டு, ஆகக் கடைசித் துண்டு 8அத் தூக்கி உச்சியில வைக்கிற. 8, 5, 4, 7, 12, 9. இப்ப 8 கீழ இறங்கணும், பிள்ளைகள் 5உம் 4உம், ரெண்டுலயும் சின்னதோடதான் மாத்தணும். 5ஓட மாத்திப் பாருங்க, 5 போய் 4க்குத் தாயாகிரும், சட்டம் அங்கயே உடைஞ்சிட்டு. 4ஓட மாத்தினா 4, 5, 8, 7, 12, 9, 8க்குக் கீழ 9 மட்டும்தான், நிண்டிட்டு. பரீட்சையில ஆகக் கூடப் போற மார்க் இந்த "சின்ன பிள்ளை"யிலதான்.

மேசையில உள்ளது வரிசை இல்ல எண்டுறதயும் ஒருக்கா நல்லாப் பாருங்க, 12க்குப் பிறகு 9 நிக்குது. ஹீப்புக்குள்ள ஒரு நம்பரத் தேடு எண்டா இடமா வலமா எண்டு இறங்கிப் போக ஏலாது, ஒண்டு ஒண்டாத்தான் பார்க்கணும். நான் படிக்கக்குள்ள இத சேர்ச் ட்ரீயப் போலத் தேடி எழுதி ஒரு கேள்வி முழுக்கப் பூச்சியம் வாங்கினன்.

ஒரு கட்டுத் துணி ஒரேயடியா வந்தா ஒண்டு ஒண்டாப் போட வேணா. எல்லாத்தையும் வந்தபடி அரேயில கொட்டிட்டு, பிள்ளை உள்ள கடைசித் தாய்ல இருந்து முதலாம் இடம் வரைக்கும் பின்னால வந்து ஒவ்வொண்டையும் கீழ இறக்கிவிடு. வில்லியம்ஸ் 1964ல ஹீப்ப சொன்னார், அதே வருசம் ஃபுளொய்ட் இந்தக் கொட்டிக் கட்டுற வழியச் சொன்னார். இது ஓ ஆஃப் என் நேரத்துல, அதாவது நோட் எண்ணிக்கைக்கு ஏத்த அளவு நேரத்துல, முடியும் எண்டு சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டாங்க. பாதி நோட் இலை, அசையவே தேவையில்ல. கால்வாசி ஆகக்கூட ஒரு தட்டு இறங்கும், அரைக்கால்வாசி ரெண்டு தட்டு, கனக்க இறங்குறது உச்சியில உள்ள ஒண்டு ரெண்டுதான், எல்லாத்தையும் கூட்டினா நோட் எண்ணிக்கையத் தாண்டாது. போட்டு மேல ஏத்துற வழியில தலைகீழ், கனக்கப் பேர் கீழ நிக்கிறாங்க, அவங்கதான் தூரம் ஏறணும்.

கோட் எழுதக்குள்ள ஹீப்ப நீங்களே கட்டத் தேவை வராது. பைதன்ல ஹீப்கியூ இருக்கு, ஜாவாவுல பிரயோரிட்டி கியூ இருக்கு, ரெண்டும் சின்னத முதல்ல தரும், சி பிளஸ் பிளஸ்ட பிரயோரிட்டி கியூ சும்மா விட்டா பெரிசத் தரும், பைதன்ல எழுதிப் பழகிட்டு அங்க போனா தலை சுத்தும். பைதன்ல பெரிசு முதல்ல வேணும் எண்டா நம்பர மைனஸ் போட்டு வைக்கிற ஆக்கள்தான் கூட. ஒரே திகதி ரெண்டு பேருக்கு எண்டா முதல் வந்தவங்க முதல் எண்டுறத ஹீப் பார்க்காது, அது வேணும் எண்டா திகதியோட வந்த ஒழுங்கு நம்பரையும் சேர்த்துப் போடணும். இடையில ஒராள் வந்து ஓடர் வேணா எண்டு போனா? ஹீப்புக்குள்ள தோண்டாதீங்க, அந்தத் துண்டுல ஒரு புள்ளடி மட்டும் போட்டு விடுங்க, உச்சிக்கு வரக்குள்ள புள்ளடியக் கண்டா தூக்கி எறிஞ்சிட்டு அடுத்தத எடுங்க. எங்கட வீட்டுக்காரி இத ஒரு கம்பஸ்லயும் படிக்கல்ல, எத்தினையோ வருசமாச் செய்யிறா.

எந்த வேலைக்கு எது

"அடுத்தது எது" எண்டு மட்டும்தான் கேள்வி எண்டா ஹீப். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுல யாரை முதல் பார்க்கிற, மட்டக்களப்புல இருந்து அக்கரைப்பற்றுக்கு கிட்டிய வழி எது எண்டு மெப்ல தேடுற டைக்ஸ்ட்ரா எண்டுற முறை, எல்லாம் அதுதான். "10ஆம் திகதில இருந்து 13 வரைக்கும் குடுக்க வேண்டியது என்னென்ன", "இந்த பில்லுக்கு அடுத்த பில் எது", "நடுவுல இருந்து இத எடு" எண்டு கேள்வி வந்தா மரம். நம்பரக் குடுத்தா சாமான் வரணும், வரிசை ஒரு நாளும் தேவையில்ல எண்டா ரெண்டும் வேணா, ஹேஷ் டேபிள் போட்டுட்டுப் போய்ப் படுங்க. ஹாட்வெயார் கடைக்கு நான் கடைசியில செய்ததும் அதுதான், பைதன்ட டிக்ஷனரி, ரெண்டு வரி. மரத்துல ஆசைப்பட்டு மரத்தப் போட்டவன் நான்.

எழுதின கோட் சரியா எண்டு பார்க்கிறதுக்கு: ஹீப்புக்கு கலந்து கட்டின ஆயிரம் நம்பரப் போட்டு ஒண்டு ஒண்டா எடுங்க, எடுக்கிறது ஒரு தடவையும் முந்தினத விடச் சின்னனா வரப்படா. ஏவிஎல்லுக்கு 1ல இருந்து 15 வரைக்கும் வரிசையாப் போடுங்க. ரூட் 8, அதுக்குக் கீழ 4உம் 12உம், நாலு தட்டும் நிறைஞ்சி நிக்கணும். ரூட்டுல வேற நம்பர் நிண்டா உயரத்தத் திருத்துற வரியப் பாருங்க, ஏக்கு முந்தி பியத் திருத்தி இருப்பீங்க. 15 நோட்டும் இல்லாமக் குறைஞ்சிருந்தா திரும்பி வந்த நோட்டத் தாய்ல மாட்ட மறந்திட்டீங்க. மருமகன்ட முதல் ரன்ல ஒம்பது நோட்தான் இருந்திச்சி.